பரலோக நம்பிக்கை உள்ள பாஸ்டருக்கு வன்னியில் என்ன வேலை?

கேள்வி: கிளிநொச்சி வாசகர், 2025 மார்ச் 4

இங்கே காணிப் பிரச்சினை, நுண்கடன், பிள்ளையைக் காணவில்லை என்று சனம் அழுதுகொண்டிருக்கிறது. பாஸ்டர்மார் மேடையில் ஏறினால் இரட்சிப்பு, நித்திய ஜீவன், பரலோகம். மேலே இடம் பிடித்தாயிற்று என்கிற நினைப்புத்தான் எங்கள் சபைத் தலைவர்களைக் கீழே ஒன்றும் செய்யவிடாமல் வைத்திருக்கிறது என்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

2025 மார்ச் 4, இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதிதான்.

இந்தக் குற்றச்சாட்டு புதிது இல்லை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது கி.பி. 50ஐ ஒட்டிய காலம். கர்த்தர் இப்போது வருவார், பிறகென்ன வேலை வெட்டி என்று அங்கே சிலர் இருந்துவிட்டார்கள். “இரட்சிப்பின் நம்பிக்கையென்னும் தலைச்சீரா” என்று 5ஆம் அதிகாரத்தில் எழுதின அதே மனுஷன், அதற்கு முந்தின அதிகாரத்தில் சொந்தக் கையால் வேலை செய்யுங்கள் என்கிறார். இரண்டாம் நிருபத்தில் இன்னும் காரம்: வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது. தானும் ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் வேலை செய்ததாக எழுதுகிறார்.

சோம்பலாய் இருந்த ஆக்களைத்தான் ஏசினார். நம்பிக்கையை ஒரு சொல் குறைத்துச் சொல்லவில்லை.

2025 மார்ச் 5

“வசனம் சொல்வது லேசு, ஆளைக் காட்டும்” என்று கீழே ஒருவர். நியாயம்.

நான் ஏ9 வீதியோரத்துச் சிறிய சபை ஒன்றின் கமிட்டியில் கனகாலம் பொருளாளர். காணிக்கைப் பையை எண்ணுகிறவனுக்குப் பிரசங்கம் பாதி காதில் விழாது, கணக்கு முழுதும் தெரியும். ஆறுதலாக எழுதுகிறேன்.

2025 மார்ச் 9

சண்டை முடிந்து சனம் மீளக் குடியேறத் தொடங்கின காலம். வெளிநாட்டு உதவி வந்துகொண்டிருந்தது, தகரம், சீமெந்து, பிள்ளைகளுக்குக் கொப்பி. எங்களுக்குக் காசு தந்த ஒரு அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு படிவம் தந்தது. கூரைக்குச் செலவு எவ்வளவு, கிணறு எத்தனை அடி, எல்லாம் கேட்டிருந்தார்கள். கடைசிக்கு முதல் கட்டம்: இந்தக் காலாண்டில் இரட்சிக்கப்பட்டவர்கள் தொகை.

அப்போது இருந்த போதகர் வயதானவர். இடம்பெயர்ந்த சனத்தை அடைத்த செட்டிகுளம் முகாமில் சனத்தோடு சனமாகத் தறப்பாளுக்குக் கீழே கிடந்து வந்த மனுஷன். மற்றக் கட்டங்களைக் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு சதம் பிசகாமல் நிரப்புவார். அந்த ஒரு கட்டத்துக்கு வந்தால் பேனாவை மூடிவிடுவார். “தம்பி, இது என்ர கொப்பியில இல்லை” என்பார்.

ஏதாவது ஒன்றைப் போடுங்கோ ஐயா என்று நான் கெஞ்சியிருக்கிறேன். போடவில்லை. காசு நின்றது. கோவில் கூரை பாதித் தகரமும் பாதித் தறப்பாளுமாய் இரண்டு மாரி பார்த்தது. ஒழுக்கு விழுகிற பக்கத்தில் அவரே போய் நின்று பிரசங்கம் செய்தார்.

அவருக்குப் பிறகு வந்தவர் அந்தக் கட்டத்தில் போட்ட தொகை எங்கள் சபையின் மொத்த ஆக்களைவிடக் கூட. கூரை முழுசாய் முடிந்தது. இன்றைக்கும் நாங்கள் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கேள்விக்காரருக்கு என் பதில் இந்த முதலாமவர்தான். தன் ஊழியம் எவ்வளவு பெறும் என்று இன்னொரு இடத்தில் ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று நிசமாகவே நம்பின ஆள் அவர். அதனால் இங்கே தொகை காட்ட வேண்டிய அவசரம் அவருக்கு இருக்கவில்லை.

2025 மார்ச் 11

இழை கனத்துப் போச்சு. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எல்லா வாகனமும் கும்பிட நிற்கும், தெரிந்த விசயம். ஒரு பாஸ்டரின் வானும் நிற்கும். கேட்டால், “கச்சான் வாங்க” என்பார். போகும்போதும் கச்சான், வரும்போதும் கச்சான். வீட்டில் பிள்ளைகளுக்குக் கச்சான் பிடிக்காது என்று பின்னால்தான் தெரிய வந்தது.

2025 மார்ச் 16

வற்றாப்பளைப் பக்கத்திலிருந்து ஒரு சைவ வாசகர் நல்ல கேள்வி போட்டிருக்கிறார்: “எங்கள் ஐயர் முத்தி அடைவாரா இல்லையா என்று நாங்கள் பார்ப்பதில்லை. பூசை ஒழுங்காய் நடந்தால் சரி. உங்களுக்கு மட்டும் ஏன் தலைவரின் உள்மனம் இவ்வளவு முக்கியம்?”

கிறிஸ்தவர்களும் இதற்கு அடிபட்டிருக்கிறார்கள். 303இல் தொடங்கின உரோம ராஜாவின் துன்புறுத்தலில் வேதப் புத்தகங்களைப் பிடித்துக் கொடுத்துத் தப்பின குருமார் இருந்தார்கள். அப்படியான ஆள் கொடுக்கிற திருமுழுக்குச் செல்லுமா என்று வட ஆபிரிக்காவில் சபை இரண்டாய்ப் பிளந்து நூறு வருசத்துக்கு மேல் இழுபட்டது. செல்லும், கொடுக்கிறவர் கிறிஸ்து, குருவானவர் கைதான் என்று அகுஸ்தீனார் வாதாடினார். ஆகவே உங்கள் ஐயரும் எங்கள் போதகரும் அந்த மட்டில் ஒன்று.

ஆனால் எங்கள் ஆக்கள் போதகரிடம் பூசைக்கு மட்டும் போவதில்லை. மகளின் கலியாணம், கடன்காரன் வாசலில் நிற்பது, புருசன் குடிப்பது எல்லாவற்றுக்கும் போகிறார்கள். அங்கேதான் அவர் எதை நம்பி இருக்கிறார் என்பது மற்றவன் தலையில் விடியும்.

2025 மார்ச் 23

இதைத்தான் முதலே எழுதியிருக்க வேண்டும், எழுத மனம் வரவில்லை.

எங்கள் சபையில் ஒரு அம்மா. மகன் 2009இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவன், அவவே கூட்டிக்கொண்டு போய் விட்டவ. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அவவும் போய் இருந்தா. படத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு பக்கமும் மெழுகுதிரியால் உருக்கி ஒட்டி வைத்திருப்பா, மழைத் தண்ணி போகாமல்.

ஒரு ஞாயிறு, வேறு ஊரிலிருந்து வந்த பெரிய போதகர் ஒருவர் ஆராதனை முடிந்து அவவின் தலையில் கை வைத்துச் சொன்னார்: “அம்மா, கவலைப்படாதேங்கோ. மகன் இப்ப இயேசுவின்ர மடியில சந்தோசமா இருக்கிறான்.”

அவ கையை எடுத்துவிட்டா. “அவன் செத்திட்டான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டா. கோவிலுக்குள் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அரசாங்கம் 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழ் வாங்க மனமில்லாத குடும்பங்களுக்கு ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வழி செய்தது. கச்சேரிக்கே, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கே, விளங்கின வித்தியாசம் அந்தப் போதகருக்கு விளங்கவில்லை.

அவருடைய நம்பிக்கை பொய் என்று சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து நான் ஒரு தலைவரைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இரட்சிப்பின் நம்பிக்கை அவருடைய சொந்த நட்டத்தை லேசாக்குகிறதா, மற்றவனுடைய நட்டத்தை லேசாக்குகிறதா? கூரைக் காசு போனபோது எங்கள் பழைய ஐயாவுக்குச் சொந்த நட்டம் லேசாய்ப் போனது. இவருக்கு அந்தத் தாயின் நட்டம் லேசாய்ப் போனது. வாயில் வருகிற சொல் இருவருக்கும் ஒன்றுதான்.

2025 மார்ச் 24

“அப்படியானால் துக்க வீட்டில் உயிர்த்தெழுதலைப் பற்றிக் கதைக்கவே கூடாதா?” கதைக்கலாம். யோவான் 11ஐத் திறந்து பாருங்கள். லாசருவை எழுப்பப் போகிறார் என்று இயேசுவுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்து விசயம். அதற்குள் அழுகிறார். முடிவு தெரிந்த ஒருவரே லாசருவின் சகோதரி மரியாளோடு அழுதிருக்கிறார். முடிவு தெரியாத பாஸ்டர் அழாமல் ஓடுகிறார்.

அந்த அம்மாவே சில நேரம் பரலோகத்தைப் பற்றிச் சொல்லுவா. அவ சொல்லலாம்.

2025 ஏப்ரல் 1

இன்று மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் நினைவு நாள். 2021இல் இதே தேதி, அது பெரிய வியாழன். நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் இந்த இழையில் அவர் வராமல் முடியாது.

2011 ஜனவரி 8 அன்று போரை விசாரிக்க அரசாங்கம் வைத்த படிப்பினைகள் ஆணைக்குழுவுக்கு முன்னால் போய் அவர் வைத்த கணக்கு எல்லாருக்கும் தெரியும். கச்சேரிப் புள்ளிவிவரப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரைக்கும் அரசு கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே? அந்தத் தொகையைப் பற்றிப் பிறகு எவ்வளவோ வாதம் நடந்தது, விசாரணை என்றும் அவரிடம் வந்தார்கள். அவர் கேட்டது ஒரு கழித்தல் கணக்கு. முதல் எண் அரசாங்கக் காகிதத்தில் இருந்தது, இரண்டாவது ஐநா அலுவலகத்தின் காகிதத்தில்.

முதல் கேள்விக்காரர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆத்துமா ஒவ்வொன்றுக்கும் கடவுளிடம் கணக்கு இருக்கிறது என்று நாள்தோறும் பூசையில் சொல்கிற ஒருவர், ஒரு இலட்சத்து நாற்பத்தாறாயிரம் பேர் கணக்கில் இல்லை என்றால் கேட்காமல் எப்படி இருப்பார்? மேலே பார்த்ததால் கீழே கேட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

2025 ஏப்ரல் 2

“அவர் புலிகளைப் பற்றி என்ன கேட்டார்?” என்று ஒருவர். இந்தக் கேள்வியை அமுக்கக் கூடாது, ஒரு ஆண்டகையோடு நிறுத்தவும் கூடாது. வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பிடித்த காலத்தில் எத்தனை போதகர், எத்தனை குருவானவர் வாய் திறந்தார்கள்? 2009இல் வலைஞர்மடம் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கான இளம் ஆக்களைப் புலிகள் பலவந்தமாய் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதை ஐநா நிபுணர் குழுவின் 2011 அறிக்கை எழுதியிருக்கிறது. அந்தக் கோவிலில் பிள்ளைகளை ஒளித்து வைத்ததும் குருமார்தான், மறக்க வேண்டாம். வெளியில் பேசாமல் உள்ளே ஒளித்தவர்களும் உண்டு, பேசாமலே இருந்தவர்களும் உண்டு. என் அளவுகோலை இரண்டு பக்கமும் பிடிக்கிறேன். மற்றவன் பிள்ளை போனதைப் “பெரிய காரியத்துக்கு” என்று லேசாய் எடுத்த தலைவர், எந்தக் கொடிக்குக் கீழே நின்றாலும் ஒன்றுதான்.

2025 ஏப்ரல் 22

பாப்பரசர் பிரான்சிஸ் நேற்றுக் காலமானார். 2015 ஜனவரி 14 மடு மாதா கோவிலுக்கு வந்தபோது எங்கள் பக்கத்தாலும் பஸ் பஸ்ஸாய்ப் போனார்கள், சைவ ஆக்களும்தான். மடு அப்படியான இடம். சண்டை நேரம் எல்லாரும் அடைக்கலம் தேடின அந்தக் கோவில் வளவுக்குள்ளேயே 1999 நவம்பரில் செல் விழுந்து சனம் செத்தது. 2008இல் மாதாவின் சொரூபத்தையே குருமார் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தது. மாதாவும் இடம்பெயர்ந்தா என்று சனம் சொல்லும், சிரிப்பும் அழுகையுமாய்.

2025 மே 18

இன்று முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

2009 இதே நாளில் அருட்தந்தை சரத்ஜீவன் முள்ளிவாய்க்காலிலிருந்து சனத்தோடு வெளியேறி வருகிறபோது நெஞ்சு நின்று இறந்தார். யாழ் சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அதே நாள் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாகச் சாட்சிகள் சொன்னார்கள். வயது எழுபதைத் தாண்டினவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அவர்கள் முதலே வெளிக்கிட்டிருக்கலாம் என்று கனபேர் சொல்வார்கள். இந்தக் கேள்வி 429இலும் வந்தது. வாண்டல்கள் வட ஆபிரிக்காவுக்குள் இறங்கி ஊர் ஊராய் எரித்துக்கொண்டு வந்தபோது, ஹொனோராத்துஸ் என்கிற ஆயர், நாங்கள் ஓடலாமா என்று அகுஸ்தீனாரிடம் கேட்டார். சனம் முழுதும் ஓட முடிந்தால் நீங்களும் ஓடுங்கள், சனம் நிற்க வேண்டி வந்தால் நீங்களும் நிற்க வேண்டும் என்று பதில். குறிவைத்து ஒருவரை மட்டும் தேடுகிறார்கள், மற்றக் குருமார் சனத்தோடு இருக்கிறார்கள் என்றால் அந்த ஒருவர் தப்பலாம். எல்லாரும் நிற்க ஆசைப்பட்டால், சிலரையாவது பிற்காலத்துக்கு மிச்சம் வைக்க வேண்டுமென்றால், சீட்டுப் போட்டுப் பாருங்கள் என்றும் எழுதினார். எழுதினவர் 430 ஆகஸ்டில், முற்றுகைக்குள் கிடந்த ஹிப்போ நகரத்தில் செத்தார். அதனால்தான் அந்தக் கடிதத்தை நான் நம்புகிறேன்.

பங்கருக்குள் இருந்து ஒருவரும் அகுஸ்தீனாரை வாசித்திருக்க மாட்டார்கள். ஆனால் நின்றவர்கள் நின்ற காரணம் அதேதான். சனத்துக்குப் போக வழி இல்லை.

2025 மே 20

இரண்டு பேர் கோபித்திருக்கிறார்கள். “ஓடினவன் எல்லாம், ஓநாய் வந்தால் ஆட்டை விட்டு ஓடுகிற கூலியாளா?” என்று. இல்லை. பவுலைத் தமஸ்குவில் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கினார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் 250இல் ஒளிந்திருந்தார், ஒளித்த இடத்திலிருந்து கடிதம் எழுதிச் சபையை நடத்தினார், அப்போதும் பழி கேட்டார். 258இல் பிடித்து வெட்டியபோது ஓடவில்லை. ஒரே மனுஷன், ஒரே நம்பிக்கை, இரண்டு முடிவு. வெளிநாடு போன எங்கள் போதகர்மார் சிலர் இன்றைக்கும் மாதா மாதம் விதவைகளுக்குக் காசு அனுப்புகிறார்கள், பெயர் போடாமல். என் கொப்பியில் “ஒரு நண்பர்” என்றுதான் எழுதுகிறேன்.

2025 ஜூன் 1

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சாவைக் கொண்டாடுவது எங்கள் மண்ணில் பஞ்சம் இல்லாத சாமான். கிறிஸ்தவத் தலைவர் ஒருவர் “சாவு எனக்கு ஆதாயம்” என்று மேடையில் முழங்கினால் பெடியளுக்கு மயிர்க்கூச்செறியும். பவுல் அந்த வரியோடு நிற்கவில்லை. போய்விடவே எனக்கு ஆசை, “நான் சரீரத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம்” என்று பிலிப்பியருக்கு எழுதி, இருக்க முடிவு செய்கிறார். பரலோகத்தைக் கொஞ்சம் பிற்போட்டுவிட்டு ஆக்களுக்காக இருக்கிறது. எங்கள் பழைய ஐயாவுக்கு நீரிழிவு. ஊசியைக் கைவிட்டு ஜெபத்தோடு இருக்கச் சொன்னவர்களை வாசலோடு அனுப்பினார். “கிழமைக்கு நாலு வீடு போகவேணும், கால் இருந்தால்தான் போகலாம்” என்று.

2025 ஜூன் 8

இப்போது என் அளவுகோலே ஆடுகிறது. முல்லைத்தீவிலிருந்து ஒரு சகோதரி இரண்டு வசனம் மட்டும் போட்டிருக்கிறா, விளக்கம் ஒன்றும் இல்லை.

மோசே, சனத்தின் பாவத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு: “இல்லாவிட்டால் நீர் எழுதின உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும்.” பவுல், உரோமர் 9இல், தன் சகோதரருக்காகத் தானே கிறிஸ்துவை விட்டுச் சபிக்கப்பட்டவனாக இருக்க விரும்புவேன் என்கிறார்.

சொந்த நட்டத்தை லேசாய் எடுக்கலாம், ஏனென்றால் மேலே பங்கு இருக்கிறது என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த இருவரும் அந்தப் பங்கையே மேசையில் வைக்கிறார்கள். அப்போது அவர்களைத் தாங்குவது என்ன? கடவுள் அந்தப் பேரத்துக்குச் சம்மதிக்க மாட்டார் என்று தெரிந்து கேட்டார்களா? மோசேயின் கோபத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எங்கள் போதகர்மாரில் ஒருவரும் இப்படி ஜெபித்து நான் கேட்டதில்லை. கந்தசாமி கோவிலடியில் அம்மாமார் ஜெபித்துக் கேட்டிருக்கிறேன், “என்னை எடு, அவனை விடு” என்று. அவர்களை ஒருவரும் தலைவர் என்று சொல்வதில்லை.

இதற்கு மேல் எனக்குப் போகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

2025 ஜூன் 21

கேள்விக்காரர் திரும்பி வந்து, “சரி, நான் பாதி விட்டுத் தருகிறேன். புதுப் போதகரை எடுக்கும்போது என்னத்தைப் பார்க்கிறது?” என்று கேட்டிருக்கிறார். இடமாற்றத்தில் ஆளை அனுப்புகிற சபைகளில் உங்களைக் கேட்கவே மாட்டார்கள், அந்தக் கவலை விட்டது. சுயமாய்த் தொடங்கின சபை என்றால் ஒன்று பாருங்கள்: கோவில் காணியின் உறுதிப் பத்திரம் யார் பெயரில். பரலோகத்தில் வாசஸ்தலம் உண்டு என்று பிரசங்கிக்கிறவர் வன்னிக் காணியை மனைவி பெயரில் எழுதியிருந்தால் நான் பின் வாங்கில் இருப்பேன், கதவுக்குக் கிட்ட.

மற்றது, காணிக்கைக் கொப்பியைக் கேட்டால் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

எங்களுக்கும் அடுத்த மாதம் புது ஆள் வருகிறார். மிசன் வீட்டுத் தண்ணி மோட்டார் கொயில் எரிந்துபோய்க் கிடக்கிறது. திருத்துகிறதா புதிது வாங்குகிறதா என்று நாளைக்குக் கமிட்டி. ஆகவே இந்தக் கிழமை நான் இங்கே வர மாட்டேன், மோசே விசயத்தை நீங்கள் தொடருங்கள்.